பாங்கு நேரத்து ரயில்

ஷுப்ரா, கெய்ரோ
ரமலான் பிறை ஐந்து

அன்பு லபீப்,

இங்கே நானும் இன்ஷிராஹும் நலம். அங்கே மான்ட்ரியல் பனிக்குள் நீயும் மார்செலும் பிள்ளைகளும் நலம் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உறையைப் பார்த்ததும் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். "கையில போன வச்சுக்கிட்டு ஸ்டாம்பு ஒட்டி அனுப்புறான் பாரு, கிறுக்கன்" என்று மார்செலிடம் சொல்லியிருப்பாய். சொல்லிக்கொள். என் போனில் ஏதோ கோளாறு, பேச்சு சரியாக வந்து சேர்வதில்லை. கடைக்காரன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்கிறான். அவனுக்கு என்ன தெரியும்? நீ கூப்பிட்ட நேரத்திலெல்லாம் நான் எடுக்கவில்லை என்று மனதில் வைத்துக்கொள்ளாதே. எழுத்து என்றால் ஆற அமர யோசித்து உன்னைத் திட்டலாம் என்ற வசதியும் இருக்கிறது.

இந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய உங்கள் பெரிய நோன்பும் எங்கள் ரமலானும் ஒன்றாக வந்திருக்கின்றன. உன் பழைய வீட்டுக்குக் கீழே இருந்த ஃபூல் கடைக்காரனுக்கு இரண்டு பக்கமும் வியாபாரம். காலையில் உங்கள் ஆட்களுக்கு எண்ணெய் மட்டும் ஊற்றிய அவரைப் பருப்பு ஃபூல், விடியலுக்கு முன்னால் எங்கள் ஆட்களுக்கு அதே பருப்பில் முட்டை. உன்னை விசாரித்தான். "அந்த நெட்டை மனுஷன், கல்யாண மேளம் மாதிரி பேசுவாரே, அவரு எப்ப வராரு?" என்று கேட்டான். வருவான் என்றேன். இருபது வருடமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் தெருவுக்கு அடியில் புதிய மெட்ரோ ரயில் தடம் வருகிறது. சுரங்கம் தோண்டி முடிந்துவிட்டது. சரியாக எங்கள் கட்டடத்தின் கிழக்கு மூலைக்குக் கீழே போகிறது. தண்டவாளம் இன்னும் போடவில்லை, பெருநாள் கழிந்ததும் அதற்கான கான்கிரீட்டை ஊற்றப்போகிறார்கள். ஊற்றுவதற்கு முன் ஒரு முடிவு எடுக்க வேண்டும். சாதாரணமாகப் போட்டால் ரயிலின் அதிர்வு மண் வழியாக ஏறி, அஸ்திவாரம் வழியாகச் சுவருக்கு வந்து, அறைக்குள் உறுமலாகக் கேட்கும். ரப்பர் மெத்தைமேல் மிதக்கவிட்டுப் போட்டால் கேட்காது. செலவு அதிகம் என்பதால் தேவைப்பட்ட இடத்தில் மட்டும்தான் அதைப் போடுவார்கள். ஊற்றிய பிறகு மாற்ற முடியாது. எங்கள் பேரன் பேத்திகளின் பேரப்பிள்ளைகளும் அந்த உறுமலோடுதான் தூங்க வேண்டும். என்னோடு சேர்ந்து அதிர்வு அளந்த உனக்கே பாடம் நடத்துகிறேன் என்று சிரிக்காதே. மார்செலும் படிப்பாள் அல்லவா, அவளுக்காக எழுதுகிறேன்.

கணக்குப் போடும் நிறுவனத்திலிருந்து யுஸ்ரா என்று ஒரு பெண் வந்திருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. எங்கள் கட்டடத்தையே கம்ப்யூட்டருக்குள் கட்டி வைத்திருக்கிறாள். மண் எத்தனை அடுக்கு, நிலத்தடி நீர் எங்கே நிற்கிறது, தூண் எவ்வளவு தடிமன், எல்லாம் உள்ளே இருக்கிறது. ரயிலை ஓடவிட்டால் ஒவ்வொரு அறையும் ஒரு நிறம் காட்டுகிறது, பச்சை என்றால் சத்தமில்லை, சத்தம் கூடக்கூடச் சிவக்கும். எங்கள் படுக்கையறை மஞ்சள். தரைத்தளத்தில் தவ்ஹீதா அக்காவின் கூடம் ஆரஞ்சு. வந்த எண் அனுமதித்த அளவுக்கு ஒரு மயிரிழை கீழே இருந்தது. அவளே சொன்னாள்: "இதை நம்பிடாதீங்க மாமா. பத்து டெசிபல் மேலயும் போகும், கீழயும் போகும். மண்ணு என்கிட்ட முழுசா உண்மை சொல்லல." எனக்கு அவளை அங்கேயே பிடித்துப்போயிற்று. நம்மிடம் இந்த நேர்மை இருந்ததா? அமைச்சகத்துப் பெரியவர்கள் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "ஒன்றரை டெசிபல் துல்லியம்" என்று அடித்துவிட்டவன் நீ. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து வேர்த்துக் கொட்டியவனும் நீதான்.

அதனால் ஒரு சோதனை வைக்கிறார்கள். சுரங்கத்தின் தரையில் ஓர் எந்திரத்தை முடுக்கி, ரயில் போனால் எப்படிக் குலுங்குமோ அப்படியே குலுக்குவார்கள். தவ்ஹீதா அக்காவின் கூடத்தில் கருவிகள் இருக்கும், நாங்களும் உட்கார்ந்து கேட்போம். எண் எல்லைக்கோட்டின் மேலேயே வந்து உட்கார்ந்தால், குடியிருப்பவர்கள் காதால் கேட்டதைச் சொல்ல வேண்டும், அதை வைத்து முடிவு. எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் ஹாஜி சாபிரை உனக்கு நினைவிருக்கும், டயர் வியாபாரி. அவர் கூட்டத்தில் எழுந்து, "நாங்க என்னத்தக் கேக்குறது? இன்ஜினியர் ஐயா காதுல விழுந்தா எங்க எல்லார் காதுலயும் விழுந்த மாதிரி. ஐயா சொல்றதுல கையெழுத்துப் போடுறோம்" என்று முடித்துவிட்டார். ஒருவர்கூட மறுக்கவில்லை.

பூகம்பத்தை நினைத்துத்தான் அப்படிச் சொல்கிறார். அந்த அக்டோபரில் ஊரே தெருவில் பாய் விரித்துக் கிடந்தது, நீயும் நானும் வீடு வீடாக ஏறிச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தோம். நீ தட்டுவாய், நான் காதை வைத்துக் கேட்பேன். "இது நிக்கும், உள்ள போய்ப் படுங்க" என்று நான் சொன்னதும் தவ்ஹீதா அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு மறுபேச்சில்லாமல் உள்ளே போனாள். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. நான்தான் அன்று இரவு திரும்பத் திரும்பப் போய் அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்தேன்.

சோதனையை எப்போது வைக்கலாம் என்று யுஸ்ரா கேட்டாள். பகலில் தெரு இரைச்சல். நான் சொன்னேன், நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு சொன்னதும் வை என்று. முதலில் சிரித்தாள். பிறகு யோசித்துப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டாள். "மாமா, இது உங்க ஐடியாவா?" என்று கேட்டாள். இல்லை அம்மா, லபீப் என்று ஒரு கிறிஸ்தவனின் ஐடியா என்றேன்.

உனக்கு நினைவிருக்கிறதா? முதல் மெட்ரோ தடத்தின் சோதனை வண்டிகள் ஓடிய காலம். அதிர்வு பதியும் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நீ முன்னால் போவாய், ஒயர்ச் சுருளோடு நான் பின்னால் ஓடி வருவேன். எந்த நிலவறைக்குப் போனாலும் காகிதச் சுருளில் ஒரே கிறுக்கல். பஸ், தள்ளுவண்டி, கார் ஹாரன், ரயிலைத் தவிர எல்லாம் பதியும். அப்போதுதான் நீ சொன்னாய், ரமலானில் நோன்பு திறக்கும் நேரத்தில் இந்த ஊர் செத்த மாதிரி கிடக்கும் என்று. எங்கள் வாயெல்லாம் கரண்டியோடு இருக்கும் நேரம், எங்களுக்கு அது எப்படித் தெரியும்? சின்ன வயதில் அந்த நேரத்தில் நடுரோட்டுக்கு வந்து நின்று, மொத்தத் தெருவும் உனக்கே சொந்தம் என்று உரக்கப் பாடுவாயாமே.

அந்த முப்பது நாளும் என் வாழ்க்கையில் திரும்ப வராத நாட்கள், லபீப். பாங்கு கேட்டதும் ஓட்டுநர் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு வண்டியை எடுப்பார். எனக்கு ஒரு பழம் நீட்டுவாய். நீ காலையில் இருந்து சாப்பிட்டிருக்க மாட்டாய். உன்னை யார் பட்டினி கிடக்கச் சொன்னது என்று கேட்டால், "தனியா தின்னா எறங்காதுடா, வாய மூடிக்கிட்டு முள்ளப் பாரு" என்பாய். அளவுமானியின் முள்ளைப் பார்ப்போம். ஒருநாள் முள் துள்ளிய துள்ளலில் காகிதமே கிழிந்தது. நான் சுரங்கம் இடிந்துவிட்டது என்று பயந்துபோனேன். நீ, 'மூலம் தெரியவில்லை' என்று ஓரத்தில் எழுதி வைத்தாய். கடைசியில் பார்த்தால், மாடியில் ஒரு பெண் முலூகியா கீரைக்குப் பூண்டு இடித்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு நாள் பாட்டரி தீர்ந்துபோனது. வண்டியோ வந்துகொண்டிருக்கிறது. அந்த வீட்டம்மாவிடம் ஓடிப்போய் மரக்கரண்டியை வாங்கி வந்து, ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுமுனையைச் சுவரில் ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டாய். பிறகு உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "டேய் ஃபிக்ரி, வருதுடா, மண்டைக்குள்ளயே வருதுடா!" எச்சில் வடிந்த கரண்டியைப் பார்த்த அந்த அம்மா அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவே இல்லை.

சோதனை பிறை பன்னிரண்டில். நீ இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது, அவ்வளவுதான். என் உடம்பைப் பற்றி இன்ஷிராஹ் உன்னிடம் ஏதாவது உளறினால் காதில் போட்டுக்கொள்ளாதே. ஒரு டாக்டரைப் பார்த்தேன், ஒன்றுமில்லை. அல்லாஹ் உன்னையும் உன் வீட்டையும் நலமாக வைக்கட்டும். மார்செலுக்கு என் சலாம்.

உன்,
ஃபிக்ரி


ஷுப்ரா
ரமலான் பிறை இருபத்தொன்று

லபீப்,

நலம் விசாரிப்பதெல்லாம் இந்தக் கடிதத்தில் இல்லை. என் கடிதம் கிடைத்ததும் நீ இன்ஷிராஹைக் கூப்பிட்டுக் கத்தினாயாமே. "லெட்டர் எழுதத் தெரிஞ்சவனுக்குப் போனை எடுக்கத் தெரியாதா? நான் என்ன அவனுக்குக் கடன்காரனா?" என்று கேட்டாயாம். நான் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் போனைக் காதைவிட்டுத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் நீ கத்துகிறாய் என்று எனக்குத் தெரிந்தது.

சோதனை நடந்ததைச் சொல்கிறேன். நடந்தபடியே சொல்கிறேன்.

தவ்ஹீதா அக்காவின் கூடத்தில் கட்டடமே கூடியிருந்தது. சுவரோரம் அவளுடைய சீதனக் கண்ணாடி அலமாரி. நம் ஊர்ப் பெண்களைப் பற்றி உனக்குத் தெரியுமே, விருந்தாளிக்குக்கூட அதிலிருந்து ஒரு கோப்பை வெளியே வராது. மேசையில் பேரீச்சம்பழமும் ஆப்ரிகாட் கரைசலும் இருந்தன. யுஸ்ரா தரையில் கருவிகளை வைத்துவிட்டு மடிக்கணினியோடு மூலையில் உட்கார்ந்தாள். பாங்கு ஒலித்தது. ஆளுக்கொரு பழம் வாயில் போட்டுக்கொண்டோம். தெருவில் சத்தம் கரைந்து கரைந்து இல்லாமல் போனது. உன் பழைய அமைதி, லபீப், அப்படியே வந்து உட்கார்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். யுஸ்ரா சுரங்கத்துக்குச் சைகை அனுப்பினாள்.

நான் காத்திருந்தேன். இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தபோது யுஸ்ரா முடிந்தது என்று தலையாட்டினாள். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? இன்னொரு முறை போடு என்று கேட்டிருக்க வேண்டும். ஹாஜி சாபிரின் கண்ணில் அத்தனை நம்பிக்கை. நான் எழுந்து நின்று, "ஒன்றும் இல்லை, சாதாரணத் தண்டவாளமே தாராளமாகப் போடலாம்" என்றேன்.

யுஸ்ராவின் முகம் வெளிறிப்போனது. கருவியின் எண் சரியாக எல்லைக்கோட்டிலேயே இருந்ததாம். சட்டப்படி ஒவ்வொருவரையும் கேட்டாள். ஹாஜி சாபிர் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஐயா சொன்னதுதான்" என்றார். தவ்ஹீதா அக்கா, "என்னவோ லேசா..." என்று ஆரம்பித்து இன்ஷிராஹைப் பார்த்தாள், பிறகு, "இல்லம்மா, ஒண்ணுமில்ல, என் வயிறுதான் பசில உறுமிச்சு" என்று சிரித்தாள். கடைசியாக இன்ஷிராஹ். அவள் மேசைவிரிப்பின் ஓரத்தை முறுக்கிக்கொண்டே இருந்தாள். அவளும் "ஒண்ணுமில்ல" என்றாள். நான் பெருமையோடு சூப் குடிக்க உட்கார்ந்தேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, தவ்ஹீதா அக்காவுக்கு மருந்து கொடுக்கப் போனேன். அவள் கண்ணாடி அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு, கோப்பைகளை ஒவ்வொன்றாகப் பழைய நாளிதழில் சுற்றிப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். பெருநாள் வரப்போகிறது. எந்த வீட்டிலாவது பெருநாளுக்கு முன்னால் சீதன அலமாரியைக் காலி செய்வார்களா? கேட்டதற்கு, "தூசிப்பா, ஒரே தூசி" என்றாள். மாடியேறினால் ஹாஜி சாபிரின் வீட்டுக் கதவு திறந்திருக்கிறது. அவரும் மருமகனும் கட்டிலைக் கிழக்குச் சுவரிலிருந்து இழுத்து நடுக்கூடத்தில் போடுகிறார்கள். என்ன ஹாஜி என்றால், "எலி ஐயா, அந்த மூலைல எலி" என்கிறார். எலிக்குப் பயப்படுகிற ஆளா அவர்?

எனக்கு மனசுக்குள் ஏதோ உறுத்தியது. எங்கள் படுக்கையறைக்குப் போய் விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். கட்டிலின் நான்கு கால்களுக்கு அடியிலும் மடித்த கம்பளத் துண்டுகள். அதிர்வு ஏறாமலிருக்க முப்பது வருடம் நான் ஊருக்கெல்லாம் சொன்ன வைத்தியத்தை என் மனைவி எனக்குத் தெரியாமல் என் கட்டிலுக்கே செய்து வைத்திருந்தாள். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன், லபீப். அந்தக் கம்பளத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இன்ஷிராஹ் வந்து பார்த்தாள். மறைக்க ஒன்றும் இல்லை என்று அவளுக்கும் புரிந்துவிட்டது. "எல்லாருக்கும் கேட்டுச்சு" என்றாள். "சுவருக்குள்ள யாரோ பீப்பா உருட்டுற மாதிரி கேட்டுச்சு. நீங்க எழுந்து நின்னு ஒண்ணுமில்லன்னு சொன்னப்ப எனக்கு உசுரே போச்சு." பிறகு ஏன் யாரும் வாய் திறக்கவில்லை என்று கேட்டேன். "எப்படிங்க தொறப்பாங்க? அந்தச் சின்னப் பொண்ணு முன்னால, இத்தன பேர் முன்னால, உங்களுக்குக் காது கேக்கலன்னா சொல்லுவாங்க? உங்களுக்குக் காது போனது இந்தப் படிக்கட்டுக்கே ஒரு வருஷமாத் தெரியும். யாரும் யார்கிட்டயும் பேசி வச்சுக்கல. அவங்கவங்க பேசாம இருந்துட்டாங்க."

நான் பத்திரமாக ஒளித்து வைத்திருந்த ரகசியம் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, அவர்களுக்குத் தெரியும் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. பூகம்பத்தன்று என் பேச்சை நம்பி வீட்டுக்குள் போனவர்கள், இன்று என் மானத்துக்காக நூறு வருட உறுமலைத் தலைமாட்டில் வாங்கி வைத்துக்கொள்ளத் தயாராகிவிட்டார்கள். கோப்பையைச் சுற்றி வைத்துவிட்டு, கட்டிலை நகர்த்திவிட்டு, எலி என்று சொல்லிவிட்டு! எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என்னைக் குழந்தையாக்கிவிட்டார்கள் என்று கத்தினேன். இன்ஷிராஹ் நான் கத்தி முடிக்கும்வரை நின்றுவிட்டு, சம்பூசக் சமோசாவுக்குப் பிசைந்த மாவு காய்கிறது என்று அடுக்களைக்குப் போய்விட்டாள்.

போன் கோளாறு என்று உன்னிடம் சொன்னது பொய். காதுக்குள் இருக்கும் சின்ன எலும்பு இறுகிவிட்டதாம். டாக்டர் படம் வரைந்து காட்டினார். கிழவர்களுக்குப் பொதுவாகக் கீச்சுக் குரல்தான் முதலில் போகுமாம், எனக்கு அடிக்குரல்கள் போய்விட்டன. குழந்தை அழுவது கேட்கிறது, குருவி கேட்கிறது, மார்செல் போனில் பேசினால் ஒரு சொல் விடாமல் கேட்கிறது. ஆண்கள் எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவேன். ரயில் கேட்காது. என்றாலும் சுவரில் வந்தால் பிடித்துவிடுவேன் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அறுவை செய்யலாம், ஆனால் என் இதயத்தை வைத்துக்கொண்டு மயக்க மருந்து கொடுக்க அவர் யோசிக்கிறார். உள்காது நன்றாகத்தான் இருக்கிறதாம், எலும்பு வழியாக வந்தால் கேட்கும் என்றார். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் யுஸ்ராவின் அலுவலகத்துக்குப் போனேன். எனக்குக் காது கேட்காது, அன்றைக்குச் சொன்னதை அடித்துவிடு, இன்னொரு முறை சோதனை வை என்றேன். அவள் எழுந்து வந்து கதவைச் சாத்தினாள். கண் சிவந்திருந்தது. "நீங்க ஒண்ணுமில்லன்னு சொன்னதும் என் காதையே நான் சந்தேகப்பட்டேன் மாமா. வீட்டுக்குப் போய் மொத்தக் கணக்கையும் திரும்பப் போட்டேன். எங்க தப்புப் பண்ணினேன்னு தேடித் தேடி... என் ரெண்டு நாள் தூக்கத்த யார் தருவா? நீங்களா?" என்று பிடித்துக்கொண்டாள். திட்டட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். திட்டி முடித்துவிட்டு, அறிக்கையை இன்னும் அனுப்பவில்லை, நீங்கள் வருவீர்கள் என்று வைத்திருந்தேன் என்றாள்.

நேற்று மஃரிபுக்கு மறுபடி எல்லாரும் தவ்ஹீதா அக்காவின் கூடத்தில். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை, துக்க வீடு மாதிரி இருந்தது. நான் எழுந்து நின்று சொன்னேன்: எனக்குக் காது கேட்காது. உங்களுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். இன்று ஒவ்வொருவரும் அவரவர் காதால் கேளுங்கள். அப்போது உன் மரக்கரண்டி ஞாபகம் வந்தது, லபீப். இப்போதெல்லாம் எந்த வீட்டில் மரக்கரண்டி இருக்கிறது? எல்லாம் பிளாஸ்டிக். மேலே ஓடிப்போய் இன்ஷிராஹின் மாவு தேய்க்கும் கட்டையை எடுத்து வந்தேன். மாவுகூட முழுதாகத் துடைக்கவில்லை. ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையைக் கிழக்குச் சுவரில் ஊன்றினேன். ஹாஜி சாபிர் வாயில் பேரீச்சம்பழத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே முடிவு கட்டியிருப்பார்.

பாங்கு சொல்லி, தெரு அடங்கியது. யுஸ்ரா கையைக் காட்டினாள்.

வந்ததடா. பல்லில் தொடங்கி, தாடையில் ஏறி, மண்டைக்குள் வந்தது. அதே உறுமல். நிலவறையில் நீயும் நானும் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்டோமே, அதே ரயில். ஒரு வருடமாக என் உலகத்துக்கு அடித்தளமே இல்லாமல் இருந்தது. எல்லாச் சத்தமும் தகர டப்பாவில் போட்ட கல் மாதிரி கேட்கும். அந்த அரை நிமிடம் எனக்கு எல்லாம் திரும்பி வந்தது. முடிந்த பிறகும் நான் கட்டையை எடுக்கவில்லை. கண்ணீரும் மாவுமாக நின்றேன். கையை உயர்த்தினேன்.

அவ்வளவுதான். ஹாஜி சாபிர் நாற்காலி கவிழ எழுந்தார். "கேட்டுச்சா ஐயா? கேட்டுச்சில்ல? எங்களுக்கும் கேட்டுச்சு! போன தடவையும் கேட்டுச்சு! யம்மா, ஒரு வாரமா நெஞ்சுல வச்சுக்கிட்டு செத்தேன்!" என்று அலறினார். ஆளாளுக்குப் பேச்சு. தவ்ஹீதா அக்கா, "அப்ப என் கிளாஸையெல்லாம் திரும்ப யாரு அடுக்குவா? நீதான் வரணும், ஃபிக்ரி" என்றாள். இன்ஷிராஹ் என் கையிலிருந்த கட்டையைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "பல்லுத்தடம் விழுந்துருச்சு, புதுசு வாங்கித் தரணும்" என்றாள். அழுதுகொண்டே சொன்னாள்.

எல்லாரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. ரப்பர் மெத்தை போடுவார்கள். யுஸ்ராவின் புதிய கணக்குப்படி எங்கள் கட்டடம் முழுக்கப் பச்சை நிறமாகிவிட்டது. இனி கீழே ரயில் ஓடினாலும் இங்கே யாருக்கும் கேட்காது. கட்டையை ஊன்றினாலும் எனக்குக் கேட்காது. எங்கள் கட்டடத்துச் சுவரில் கேட்ட முதல் ரயிலையும் கடைசி ரயிலையும் நேற்றே கேட்டுவிட்டேன். நல்ல காரியம்தான் செய்திருக்கிறேன், ஆனாலும் இன்று விடிந்ததிலிருந்து யாரையோ வழியனுப்பி வைத்த மாதிரி இருக்கிறது.

இனிமேல் எழுதுவது மார்செல் படிக்க வேண்டாம், நீ மட்டும் படி.

ஐந்து மாதமாக நீ கூப்பிடுகிறாய். போனில் உன் பெயர் மின்னி மின்னி அணைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒருமுறை எடுத்தேன், உனக்கு நினைவிருக்கும், பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன் என்று நீ கோபித்துக்கொண்டாய். உன் மூச்சு கேட்டது. நடுவில் ஒரு 'ஸ்', ஒரு 'ட்' கேட்டது. மற்றபடி ஒன்றுமே இல்லை. உன் கோவிலில் நீ வாய் திறந்தால் பின்வரிசை பெஞ்சு அதிரும் என்பார்களே, அந்த அடிக்குரல் சரியாக என் காது செத்த இடத்தில் இருக்கிறது. நாற்பது வருடமாக என்னைத் திட்டிய குரல். அது இல்லாமல் போய்விட்டது என்று உன்னிடம் எப்படிச் சொல்வது? அதனால்தான் போன் மேல் பழி போட்டேன்.

உன் ஈஸ்டருக்குள் வந்துவிடு. பெரிய நோன்பை ஃபூல் கடையில் வைத்து முடிக்கலாம். விமான நிலையத்தில் என்னோடு பேச முயற்சி செய்யாதே, சும்மா கட்டிக்கொள். வீட்டுக்கு வந்ததும் எனக்கு எதிரே உட்கார். பல்தடம் விழுந்த கட்டையைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன், இன்ஷிராஹுக்குப் புதியது வாங்கிக் கொடுத்துவிட்டேன். ஒரு முனையை நான் கடித்துக்கொள்கிறேன். மறுமுனையை உன் நெஞ்சில் ஊன்றிக்கொள். பிறகு உன் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லி என்னைத் திட்டு.

அதுவரை உன்னை எல்லாம் வல்லவன் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். உன் கன்னி மாதாவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவை, எனக்காக.

காத்திருக்கும்,
ஃபிக்ரி